அறுபதுக்கு மேல் வகுப்பில் சேரப் போகிறீர்களா? ஒரு முன்னாள் கண்டக்டர் சொல்வதைக் கேளுங்கள்

ஓய்வு பெற்ற பிறகு மூன்று வகுப்புகளில் சேர்ந்தேன். மூன்றிலிருந்தும் நின்றுவிட்டேன். நான்காவதாகப் போய் உட்கார்ந்த இடத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன்.

முதல் மூன்றும் மட்டமான வகுப்புகள் இல்லை. ஆர்மோனியம் சொல்லிக்கொடுத்தவர் அருமையான வித்வான். ஆனால் வகுப்பு இரண்டாவது மாடியில். என் முழங்கால் 27 வருடம் சேலம் டவுன் பஸ்ஸில் நின்றே தேய்ந்தது. யோகா வகுப்பு சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டிப் போக வேண்டும். அந்த நேரத்தில் அங்கே ரோட்டைக் கடப்பதுதான் உள்ளதிலேயே கஷ்டமான ஆசனம். மூன்றாவது, இங்கிலீஷ் பேசும் பயிற்சி. மதியம் இரண்டரை மணி, ஏப்ரல் மாதம், சேலம். மேலே சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவது இடம் எங்கள் தெருக்கோடியில், தரைத்தளத்தில். வியாழக்கிழமை நாலு மணி. என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்காமலே போனேன். என்ன பாடமோ, போய்த்தான் பார்ப்போமே என்று.

அதனால் புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நேரத்தை முதலில் பாருங்கள், தூரத்தை இரண்டாவது பாருங்கள், பாடத்தைக் கடைசியில் பாருங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். வீணை கற்க வேண்டும், ஜெர்மன் கற்க வேண்டும் என்று ஆசையோடு சேர்ந்து, மூன்றாம் வாரம் வெயில், நாலாம் வாரம் முழங்கால், ஐந்தாம் வாரம் பேரனுக்குக் காய்ச்சல் என்று நின்றுவிடுகிறார்கள். அப்புறம், "இனி நமக்கெல்லாம் என்னங்க படிப்பு" என்று பழியை வயதின் மேல் போட்டுவிடுகிறார்கள். வயதா காரணம்? ஷெட்யூல்தான் காரணம்.

முதல் வேலை: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு வாரம், காலை எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும் வரை எந்த நேரம் எதற்குப் போகிறது என்று குறித்துவையுங்கள். நாங்கள் ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் கணக்கு எழுதுவோம், அதுபோல. பேத்தியைப் பள்ளியில் விடுவது, குழாயில் தண்ணீர் வரும் நாள், சர்க்கரை மாத்திரை நேரம், மதியத் தூக்கம், சீரியல், எல்லாவற்றையும் எழுதுங்கள். சீரியலை மறைக்க வேண்டாம். நோட்டை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

எழுதி முடித்தால் ஒன்று தெரியும். ஆண்களுக்குக் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை சும்மா கிடக்கிறது. அதே நேரம் பெண்கள் அடுப்படியில் இருக்கிறார்கள். பெண்களுக்குக் கிடைப்பது மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவியபின், மாலை விளக்கு ஏற்றும் முன். மூன்றரை, நாலு மணி. ஓய்வு பெற்றது ஆண் மட்டும்தான், வீட்டுக்காரம்மாவுக்கு ஓய்வு என்று ஒரு தேதியை யாரும் குறிக்கவில்லை என்பதை நான் அந்த நோட்டில்தான் கண்டுபிடித்தேன். கணவனும் மனைவியும் சேர்ந்து போக வேண்டும் என்றால் நாலு மணி வகுப்பைத் தேடுங்கள். அல்லது காலைச் சமையலை நீங்கள் பாருங்கள், அவர்கள் வகுப்புக்குப் போகட்டும்.

ஏப்ரல், மே மாதங்களுக்குத் தனிக் கணக்கு. நம் ஊர் வெயிலில் பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை பெரியவர்கள் வெளியே போவது நல்லதில்லை. அந்த இரண்டு மாதமும் வகுப்பைக் காலை ஏழு மணிக்கு மாற்றுவார்களா என்று சேரும்போதே கேளுங்கள். "அதெல்லாம் முடியாதுங்க" என்றால், அந்த வகுப்புக்கு வருடத்தில் பத்து மாதம்தான் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: போய்வரும் வழி

நடந்து போகும் தூரத்தில் இருந்தால் அதுதான் முதல் இடம். இல்லையா, ஒரே பஸ்ஸில் போகிற இடம். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும் என்றால் வேண்டாம். நான் எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் பஸ்ஸுக்குள் தடுமாறுவது குறைவு. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். ஒரு மாற்று பஸ் என்றால் போக இரண்டு ஏற்றம் இரண்டு இறக்கம், வர அதே அளவு. ஆக எட்டு. வாரம் இரண்டு வகுப்பு என்றால் பதினாறு.

பெண்களுக்கு ஒரு வசதி உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து அவர்களுக்குக் காசு கிடையாது. எங்கள் வியாழக்கிழமைக் குழுவில் வரும் அக்கா ஒருவர், "மகன்கிட்ட பஸ்ஸுக்குக் காசு கேக்க வேண்டியதில்லைங்க, அதனாலதான் நான் வர்றேன்" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சேரும் முன் இடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். எப்போதாவது போகாதீர்கள், வகுப்பு நடக்கும் அதே கிழமை, அதே நேரம் போங்கள். பார்க்க வேண்டியவை: எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, தரையில் உட்கார வைப்பார்களா நாற்காலி உண்டா, திரும்பி வரும் நேரம் தெருவிளக்கு எரிகிறதா. எல்லாவற்றுக்கும் மேல் கழிப்பறை. இதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, வகுப்பு நாளில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் போகும் பெண்கள் எத்தனையோ பேர். ஆண்களும் உண்டு, சொல்லமாட்டார்கள். மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா, அது அதே தளத்தில் இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மூன்றாவது: சரி, இனி பாடம்

நேரமும் தூரமும் பொருந்தினால் அந்தச் சுற்றுவட்டத்தில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். பலரும் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது.

நூலகத்தில் தொடங்குங்கள். 1948இல் போட்ட பொது நூலகச் சட்டத்தின்படி நாம் கட்டும் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். காசு கொடுத்தாயிற்று, போய் அனுபவிக்க வேண்டியதுதான். மாவட்ட மைய நூலகம் தவிர கிளை நூலகங்களும் உண்டு. நூலகர்களிடம் "வாசகர் வட்டம் கூடுதுங்களா?" என்று கேளுங்கள். புத்தகம் பேசும் கூட்டம், கவியரங்கம், யாராவது வந்து பேசுவது என்று பல கிளைகளில் நடக்கிறது. கட்டணம் இல்லை. பத்திரிகை படிக்கப் போகிற சாக்கில் போனால் ஒரே வாரத்தில் நாலு பேர் பழக்கமாகிவிடுவார்கள்.

உடம்புக்கு என்றால், வேதாத்திரி மகரிஷி தொடங்கிய மனவளக்கலை மன்றங்கள் சேலத்திலும் சுற்றுப்பட்டிலும் உண்டு. அவர்களுடைய எளியமுறை உடற்பயிற்சியில் கை, கால், மூச்சு என்று படிப்படியாகப் போவதால் பெரியவர்களுக்கு ஒத்துவருகிறது. எதில் சேர்ந்தாலும் ரத்த அழுத்தம், முதுகு, கண் அறுவை சிகிச்சை பற்றி முதல் நாளே சொல்லிவிடுங்கள். "எல்லாரும் செய்யறாங்க, நீங்களும் செய்யுங்க" என்று குனியச் சொல்லும் ஆசிரியர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தோட்ட ஆசை உள்ளவர்களுக்குச் சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. காளான், தேனீ, மாடித்தோட்டம் போன்ற விஷயங்களில் அவ்வப்போது பயிற்சி போடுவார்கள். போன் செய்து, அடுத்தது எப்போது என்று கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இது வாராவாரம் நடக்கும் வகுப்பு அல்ல. ஒருநாள் போய்வந்து வீட்டில் செய்துபார்ப்பது.

பாட்டு என்றால் ஒரு எச்சரிக்கை. அரசு இசைப்பள்ளி சேலத்தில் உண்டு, ஆனால் அது இளையோருக்கானது. வயது வரம்பு இருக்கிறது. அங்கே போய்க் கேட்டுவிட்டு மனசு நொந்து திரும்பாதீர்கள். கோயில்களில் தேவாரம், திருப்புகழ் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பேட்டைக் கோயிலில் விசாரியுங்கள்.

வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது, இலவசம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும் பாடங்கள் இலவசம். இருந்தாலும் தனியாகத் திரையைப் பார்த்துப் படிப்பதை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். பக்கத்தில் ஒரு ஆள் இருந்து, "எனக்கும் புரியலைங்க" என்று சொல்வதில் ஒரு தைரியம் கிடைக்கிறது.

வள்ளி கும்மி பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். நம் மேற்குப் பக்கம், சங்ககிரி, எடப்பாடி, தாரமங்கலம் என்று ஊருக்கு ஊர் இப்போது கற்றுக்கொடுக்கிறார்கள். வாத்தியார் பாட, முருகன் வள்ளியைக் கட்டிய கதைக்கு வட்டமாக நின்று கைகொட்டி, குனிந்து நிமிர்ந்து, சுற்றிச் சுற்றி ஆடுவது. சாயங்காலம் கோயில் மைதானத்தில் பயிற்சி, கடைசியில் ஊர் கூடி அரங்கேற்றம். பள்ளிக்கூடப் பிள்ளையும் பாட்டியும் ஒரே வட்டத்தில் நிற்பார்கள். மாமியார், மருமகள் ஒரே நிறப் புடவையில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். என் வீட்டம்மா அவர் அம்மா ஊரில் தங்கி இதைக் கற்றுக்கொண்டு வந்தார். முழங்கால் வலிக்காரர்கள் முதல் வாரம் கைத்தட்டு மட்டும் பழகுங்கள், பாட்டு காதில் ஏறட்டும். அடவு அப்புறம். குனிந்து ஆடுவது முடியவில்லை என்றால் நிமிர்ந்தே ஆடுங்கள். வாத்தியார் முறைப்பார், பரவாயில்லை.

போன் வகுப்பு: எதை முதலில் கற்பது

எல்லோரும் கேட்பது இதைத்தான். எங்கள் குழுவிலும் அதிகம் பேர் வந்த வகுப்பு இதுதான். வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டால் போனைப் பிடுங்கி, டக் டக்கென்று நாலு தட்டுத் தட்டி, "இந்தாப்பா, ஆயிடுச்சு" என்று கொடுத்துவிடுவார்கள். ஆகிவிட்டது, சரி, எப்படி ஆனது? வகுப்பில் அடுத்தவர் போனைத் தொடக் கூடாது. இதை நாங்கள் விதியாகவே வைத்திருக்கிறோம். சொல்லிக்கொடுப்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும்.

வரிசையும் முக்கியம். எழுத்தைப் பெரிதாக்குவது, சத்தத்தைக் கூட்டுவது, தெரியாத எண்ணைத் தடுத்து வைப்பது. இதற்கே இரண்டு வாரம். அப்புறம் போட்டோ அனுப்புவது, வீடியோ கால். பயிற்சிக்கு ஒரே அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வீடியோவில் கூப்பிடுவோம். வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியம் என்பார்கள். பணம் அனுப்புவது கடைசிப் பாடம்தான். அதில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்: ரகசிய எண் போடுவது பணம் கொடுக்கத்தான், பணம் வாங்க யாரும் எண் போட வேண்டியதில்லை. "உங்களைக் கைது செய்திருக்கிறோம், வீடியோவை அணைக்காதீர்கள்" என்று போலீஸ் உடுப்பில் ஒருவன் வந்தால் அவன் திருடன். டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930க்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

பென்ஷன்காரர்களுக்கு இந்த வகுப்பில் ஒரு லாபம். ஜீவன் பிரமாண் என்ற உயிர்வாழ் சான்றிதழ் முறை 2014இல் வந்தது. இப்போது முகத்தைப் போன் கேமராவில் காட்டியே செய்யலாம். அலுவலகத்தில் வரிசையில் நின்று "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று நிரூபிக்கும் வேலை சிலருக்காவது மிச்சம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு

நம் வயதில் பள்ளிக்கூடமே பார்க்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள், முக்கியமாகப் பெண்கள். 1990களில் அறிவொளி இயக்கம் வந்தபோது கற்றவர்கள் உண்டு, தவறவிட்டவர்களும் உண்டு. இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் நடக்கிறது, 15 வயதுக்கு மேல் யாரும் சேரலாம், மேல் வரம்பு இல்லை. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் மையம் எங்கே என்று கேளுங்கள்.

நான் ஆறு வருடம் நிலைத்ததற்கு இந்தப் பாடம்தான் காரணம். வேலையில் இருந்தபோது ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது ஸ்டாப்பில் நின்று, "சாமி, இது எங்க போவுது?" என்று கேட்பார்கள். போர்டு கண்ணுக்கு முன்னால் தொங்கும். நானும், "போர்டைப் பாருமா" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். பார்த்துத்தான் நிற்கிறார்கள், படிக்கத் தெரியவில்லை என்பது மண்டையில் ஏற எனக்கு ரொம்ப வருடம் ஆனது.

எங்கள் குழுவுக்கு வந்த ஒரு அம்மா, அம்மாபேட்டையில் நாற்பது வருடம் தறிக்கு நூல் தார் சுற்றியவர், 68 வயது. அ, ஆ என்று தொடங்கினால் தூக்கம் வருகிறது என்றார். நியாயம்தான். அணிலையும் ஆட்டையும் படம் பார்த்துப் படிக்கிற வயதா அவருக்கு? என்ன படிக்க ஆசை என்று கேட்டோம். "பஸ் போர்டு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் நான் வாத்தியார் ஆனேன். பழைய காலண்டர் அட்டையில் ஊர்ப் பெயர்களைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். கன்னங்குறிச்சி என்ற ஒரு பெயரில் ன், ங், ச் மூன்று புள்ளியெழுத்தும் வந்துவிடும். கொண்டலாம்பட்டியில் ண், ம், ட். செவ்வாப்பேட்டையில் வ், ப். குகை என்பது இரண்டே எழுத்து, ஆனால் உகரமும் ஐகாரமும் அதிலேயே தெரிந்துவிடும். கிழக்கே அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் போய்விட்டால் பாதி அரிச்சுவடி முடிந்த மாதிரி. நம் ஊர் டவுன் பஸ் போர்டைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது. யாருக்காவது எழுத்துச் சொல்லிக்கொடுக்க நினைத்தால் இப்படித் தொடங்குங்கள்: அவர் தினம் பார்க்கும், ஆனால் படிக்க முடியாத பத்துச் சொற்களை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரேஷன் கடைப் பலகை, மாத்திரை அட்டை, பேரன் பெயர், எதுவானாலும். பென்சிலைவிடக் கரும்பலகையில் சாக்பீஸ் நல்லது. தப்பை உள்ளங்கையால் துடைத்துவிடலாம், நோட்டில் அது அப்படியே நின்று முறைக்காது. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும்.

அந்த அம்மாவுக்கு நாலு மாதம் ஆனது. இப்போது பஸ் தூரத்தில் வரும்போதே போர்டைச் சத்தமாகப் படித்து, ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். கேட்காதவர்களுக்கும் சொல்கிறார்.

காதும் கண்ணும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். "வகுப்பில் ஒன்றும் ஏறமாட்டேங்குது" என்பவர்களில் பலருக்குக் குறை மூளையில் இல்லை, காதில். எனக்கே இன்ஜின் சத்தத்தில் ஒரு காது மந்தம். லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024இல் மறதி நோய்க்குக் காரணமாகி, நம்மால் மாற்றக்கூடிய 14 விஷயங்களைப் பட்டியல் போட்டது. காது கேளாமையும், கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவும், ஆள் பழக்கம் இல்லாமல் தனித்துக் கிடப்பதும் அதில் இருக்கின்றன. சேரும் முன் காதையும் கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். வகுப்பில் முதல் வரிசை, மின்விசிறிக்குத் தள்ளி, நல்ல காது ஆசிரியர் பக்கம். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

காசு விஷயம்

மாதாமாதம் கட்டுங்கள். ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் பாதி தள்ளுபடி என்பார்கள், வேண்டாம். நான் ஆறு மாதத்துக்குக் கட்டிய ஒரு இடம் இரண்டாம் மாதமே பூட்டிக்கொண்டு போய்விட்டது. ரசீதும் வாங்கவில்லை. 27 வருடம் ஊருக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்தவன் தனக்கு ஒரு சீட்டு கேட்டு வாங்கவில்லை என்று வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

பெரியவர்களுக்கு இலவச வகுப்பு, இலவச மசாஜ், இலவச சத்துமாவு என்று அழைத்துப் போய் மூன்றாம் நாள் மெத்தை விற்பவர்கள் இருக்கிறார்கள். இரட்டிப்பாகத் தருகிறோம் என்று பென்ஷன் பணத்துக்கு வலை விரிப்பவர்களும் வருவார்கள். வகுப்பில் யாராவது பொருள் விற்றாலோ முதலீடு பேசினாலோ அன்றோடு நின்றுவிடுங்கள். குழப்பமாக இருந்தால் மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

முதல் நாளும் முதல் மாதமும்

முதல் நாள் பத்து நிமிடம் முன்னால் போங்கள். தண்ணீர், கண்ணாடி, நோட்டு, சர்க்கரைக்காரர்கள் இரண்டு பிஸ்கட். சட்டைப் பையில் வீட்டு எண் எழுதிய சீட்டு. நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள், என்ன பதவியில் ஓய்வு பெற்றீர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லி நிறுத்துங்கள். பெரிய அதிகாரியாக இருந்தவர்கள்தான் மாணவனாக உட்காரச் சிரமப்படுகிறார்கள். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் முதல் மாதம் முழுக்க அடுத்தவர் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வாரம் நிற்கலாம் என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். முதல் வாரப் புதுசு போயிருக்கும், பழக்கம் இன்னும் வந்திருக்காது. நாலு வகுப்பு முடியும் வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள். நாலு முடிந்தும் பிடிக்கவில்லையா, தாராளமாக நில்லுங்கள். மூன்றில் நின்றவன் சொல்கிறேன்.

பக்கத்தில் எதுவுமே இல்லை என்றால்

நாமே தொடங்க வேண்டியதுதான். ஐந்து பேர் போதும். இதற்கு முன்மாதிரி வெளிநாட்டில் இருக்கிறது என்று பேத்தி தேடிச் சொன்னாள். 1973இல் பிரான்சில் துலூஸ் என்ற ஊரில், ஓய்வு பெற்றவர்களுக்குப் பல்கலைக்கழகமே பாடம் நடத்தத் தொடங்கி, அதற்கு மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அது இங்கிலாந்துக்குப் போனபோது வேறு மாதிரி ஆகிவிட்டது. பேராசிரியர்களே வேண்டாம், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லட்டும், இன்று சொல்பவர் நாளை கேட்கட்டும், பரீட்சையும் சான்றிதழும் கிடையாது என்று வைத்துக்கொண்டார்கள். நமக்கு ஒத்துவருவது இந்த இரண்டாவது மாதிரிதான்.

சேலத்தில் ஆள் பஞ்சமே இல்லை. எங்கள் வியாழக்கிழமையில் குகைத் தறிக்காரர் ஒருவர் பட்டு நூலையும் கலப்பு நூலையும் விரலால் தடவியே பிரித்துக் காட்டினார். செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர் பற்றவைப்பது எப்படி என்று சொன்னார். ஸ்டீல் பிளான்ட்டில் வேலை பார்த்தவர் துருப்பிடிக்காத எஃகு ஏன் துருப்பிடிப்பதில்லை என்று ஒரு மணி நேரம் பேசினார். அதில் இருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே மெல்லிய ஏடாகப் படிந்து காக்கிறதாம். அடுத்த வாரம் பெண்கள் எல்லோரும் வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, "இதுல ஏன் கறை இருக்கு?" என்று மடக்கினார்கள். அன்றைக்குத்தான் நல்ல வகுப்பு நடந்தது.

இடத்துக்குக் கோயில் மண்டபம், குடியிருப்போர் சங்கக் கட்டிடம், முகூர்த்தமில்லாத நாளில் சின்னக் கல்யாண மண்டபம் என்று விசாரியுங்கள். கிழமையும் நேரமும் மாறவே கூடாது. இரண்டு பேர் வந்தாலும் நடத்த வேண்டும். நான் டிரிப் போன பஸ்ஸில் இரண்டே பயணிகள் இருந்தாலும் வண்டி கிளம்பத்தான் செய்யும். குழுவுக்குள் கடன் கொடுக்கல் வாங்கல் கூடாது, கட்சிப் பேச்சு கூடாது. கட்சிப் பேச்சு டீ நேரத்தில் வந்துவிடும், அதை யாராலும் தடுக்க முடியாது.

ஒரு நோட்டில் வருகை எழுதுங்கள். அதிகாரம் செய்வதற்காக இல்லை. தொடர்ந்து இரண்டு வாரம் ஒருவர் வரவில்லை என்றால் போன் செய்ய வேண்டும், எடுக்காவிட்டால் இரண்டு பேர் நேரில் போக வேண்டும். தனியாக இருந்த ஒருவரைக் குளியலறையில் விழுந்து கிடந்த நிலையில் கண்டது இப்படிப் போனதால்தான். இப்போது கைத்தடியோடு வருகிறார்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு

மலையில் இருப்பவர்கள் வகுப்புக்காகச் சேலத்துக்கு இறங்கி வர வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, மறுபடி ஏறி, தலைசுற்றி வீடு சேர்வதற்குள் கற்றது மறந்துபோகும். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் கவலையில் வகுப்பிலும் மனசு இருக்காது. மேலேயே கூடுங்கள். மூடுபனி விலகிய பிறகு, காலை பதினொரு மணி அங்கே நல்ல நேரம். சுற்றுக் கிராமத்தவர்கள் எப்படியும் சந்தை நாளில் வருவார்கள், அந்த நாளையே வகுப்பு நாளாக்குங்கள். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் ஆள் வராது, அப்போது இடைவேளை விடுங்கள்.

பாடத்துக்கு எங்கும் போக வேண்டாம். தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அங்கேயே இருக்கிறது, தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டமும் இருக்கிறது. ஓய்வுக்காகப் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து குடியேறி, முதல் வருடம் குளிரை ரசித்து, இரண்டாம் வருடம் பேச ஆளில்லாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முதலில் சேர வேண்டியது மிளகுக்கொடி ஏற்றத் தெரிந்த ஒரு மலைக்காரப் பெரியவரிடம்தான். பதிலுக்கு அவருடைய பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

கடைசியாக, விடுமுறை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எப்படியும் விடுவீர்கள். ஆடிப்பெருக்குக்கும் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கும் மறக்காமல் விடுங்கள். ஒரு வருடம் தெரியாமல் அந்த வாரம் வகுப்பு வைத்துவிட்டோம். நானும், துருப்பிடிக்காத எஃகுக்காரரும், ஒரு தட்டு நிறையத் தட்டுவடை செட்டும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். தட்டுவடையை முடித்துவிட்டு நாங்களும் கோட்டைக்கே போய்விட்டோம்.